பேழைக்குள் உறங்கும் பீங்கான்கள்

ஜூஜுவாடி எல்லைச் சாவடிக்கு அருகே, தேசிய நெடுஞ்சாலை 44-இன் ஓரத்துத் தேநீர்க் கடை ஒன்றில் கால்மணி நேரம் நின்றால் போதும். ஒரே பொருளுக்குப் பல பெயர்கள் காதில் விழும். சிப்காட் ஆலையில் இரவுப் பணி முடித்து வரும் தமிழ்த் தொழிலாளி 'கிளாஸ்' என்பார். அத்திப்பள்ளிப் பக்கத்துக் கன்னடர் 'லோட்டா' என்பார். தக்கனி உருது பேசும் நம்மவர் 'பியாலி' என்பார். தென்கடற்கரை ஊர்களிலிருந்து வணிகத்தின் பொருட்டு வந்தவர் 'சாயாக் கோப்பை' என்பார். அந்தக் 'கோப்பை'யோ போர்த்துக்கீசியர் தந்து சென்ற சொல். நாம் தூய தமிழென்று எண்ணிப் புழங்கும் 'பீங்கான்' பாரசீகத்துப் 'பிங்கான்' வழி வந்தது என்று அகராதி கூறுகிறது. அதே பாரசீகச் சொல்தான் அரபு மொழியில் 'ஃபின்ஜான்' ஆகி, இன்றளவும் அரபு நாடுகளின் காப்பிக் கிண்ணத்திற்குப் பெயராக நிற்கிறது. தமிழ்த் தாய்மார் அடுக்களையில் எடுத்து வைக்கும் பீங்கானும், அரபியர் விருந்தினர் கையில் கொடுக்கும் ஃபின்ஜானும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

பெயர்கள் இத்தனை இருந்தும் அக்கடையில் எல்லார் கையிலும் இருப்பது மெல்லிய காகிதக் குவளை மட்டுமே. அழகிய கோப்பைகளோ வீட்டுக் கூடத்தில், கண்ணாடிப் பேழைக்குள், பூட்டப்பட்ட கதவின் பின்னால் வரிசையாக உறங்குகின்றன. அருந்தும் கோப்பைக்கு அழகில்லை. அழகிய கோப்பையில் எவரும் அருந்துவதில்லை. இப்பிளவு எவ்வாறு நேர்ந்தது, கோப்பைகளைச் சேர்த்து மகிழும் ரசனையை நம் மரபு எவ்வாறு மதிப்பிட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். இமாம் ஸஆலிபீ (மறைவு 1038) இயற்றிய 'ஃபிக்ஹுல் லுகா' என்னும் நூலை அரபுக் கல்லூரி மாணவர் அறிவர். சூழ்நிலை மாறினால் பெயரும் மாறிவிடும் பொருள்களை அதில் அவர் தொகுத்துள்ளார். உணவு பரப்பப்பட்ட பின்னரே விரிப்புக்கு 'மாயிதா' என்ற பெயர் பொருந்தும். அதற்கு முன் அது வெறும் 'கிவான்'. அவ்வாறே, பானம் உள்ளே இருக்கும்போது மட்டுமே கிண்ணத்தைக் 'கஃஸ்' எனலாம். இல்லையேல் அது வெறும் கண்ணாடிக் கலம் என்கிறார். இது இலக்கணக்காரரின் நுணுக்கம் மட்டுமன்று. ஓர் அழகியல் தீர்ப்புமாகும். கலத்தின் பெயரை அதன் வடிவமோ விலையோ தீர்மானிப்பதில்லை. அதன் தொழில் தீர்மானிக்கிறது. இவ்வளவுகோலின்படி நம் பேழைகளுள் இருப்பவற்றில் ஒன்றுகூடக் கஃஸ் ஆகாது.

கடல் வழியே வந்த அழகு

கோப்பையின் மீதான காதல் நமக்கு மேலைநாட்டார் கற்பித்தது என்று கருதுவோர் உளர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. கி.பி. 851-இல் அரபு மொழியில் தொகுக்கப்பட்ட 'அக்பாருஸ் ஸீன் வல்ஹிந்த்' என்னும் கடலோடிகளின் செய்தித் திரட்டு, சீனர் வெந்நீரில் இட்டு அருந்தும் ஓர் இலையைப் பற்றிப் பேசுகிறது; அதனை 'ஸாக்' என்று குறிக்கிறது. சீனத்துக்கு வெளியே தேநீரைப் பற்றி எழுதப்பட்ட மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று அது. அதே நூல், சீனரின் மண்கலங்கள் கண்ணாடி போல மெல்லியவை என்றும், உள்ளிருக்கும் நீர் வெளியிலிருந்தே தென்படும் என்றும் வியக்கிறது. தேநீரும் அதற்குரிய கோப்பையும் அரபு எழுத்தில் ஒரே நூலின் வழி நுழைந்தன.

இவ்வியப்புக்கு மண்ணும் நீரும் சான்று பகர்கின்றன. ஏறத்தாழ 830-இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே மூழ்கிய மரக்கலம் ஒன்று 1998-இல் கண்டெடுக்கப்பட்டது. ஆணியின்றிக் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டும் அரபு முறையில் அமைந்த கலம் அது. அதனுள் சீனத்துச் சாங்ஷா சூளைகளில் சுடப்பட்ட கிண்ணங்கள் பல்லாயிரக்கணக்கில் இருந்தன. அவற்றுள் ஒன்றில் 'தேநீர்க் கிண்ணம்' என்றே சீன எழுத்தில் வரையப்பட்டுள்ளது. இன்று அப்புதையலைச் சிங்கப்பூரின் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்தில் காணலாம். நம் கரையிலும் சான்றுண்டு. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 1987-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் நிகழ்த்திய அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. 13, 14-ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்த அவ்வோடுகளை ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா ஆராய்ந்து உலகறியச் செய்தார். அவை உடைந்த ஓடுகள் என்பதை மறந்துவிடலாகாது. உடைந்தவை பெரும்பாலும் புழங்கியவை.

கொடுக்கல் ஒருவழியாக நிகழவும் இல்லை. வெண்பீங்கானின் மேல் நீலச் சித்திரம் எழுதும் கலைக்குச் சீனர் வேண்டி நின்ற கோபால்ட் தாது பாரசீக நிலத்திலிருந்து சென்றது. அந்நீலத்தை அவர்கள் 'முஸ்லிம் நீலம்' என்னும் பொருள்பட வழங்கினர். மிங் மரபின் செங்தே அரசர் காலத்தில் (1506–1521) அரபு, பாரசீக எழுத்துகள் பொறித்த நீல வெண்பீங்கான்கள் வனையப்பட்டன. ஆகவே, அழகிய கோப்பையை விரும்புதல் இஸ்லாமியப் பண்பாட்டின் உடன்பிறந்த இயல்பு. எது விரும்பப்பட்டது என்பதைவிட, விரும்பியவர் அதனை என் செய்தார் என்பதே கேட்கத்தக்க வினா.

சேர்த்தவர் மூவர்

கோப்பை சேர்ப்பாளர் ஒருவரை நம் நூல்களில் முதன்முதலில் நேர்படக் காட்டுபவர் அல்பீரூனீ (மறைவு சுமார் 1048). மணிகளையும் உலோகங்களையும் ஆராயும் 'அல்ஜமாஹிர்' நூலில், ரய் நகரத்தில் தமக்கு விருந்தளித்த இஸ்ஃபஹான் வணிகர் ஒருவரை நினைவுகூர்கிறார். அவ்வீட்டில் கிண்ணம், தட்டு, குடுவை, கெண்டி தொடங்கி விளக்குத் தண்டு வரை யாவும் சீனப் பீங்கான். அம்மனிதரின் அலங்கார வேட்கை எத்தகையது என்று பீரூனீ வியந்து போகிறார். அவ்வியப்பில் மெல்லிய கண்டிப்பும் கலந்திருக்கலாம். ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது: அப்பீங்கான்கள் பேழையுள் இல்லை, விருந்தினர் முன் இருந்தன. பீரூனீ அவற்றைக் கண்டது ஒரு விருந்தாளியாக.

இரண்டாமவர் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ். 1611-இல் அவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீனப் பீங்கான்களைத் தம் முன்னோரான ஷைக் ஸஃபியின் அர்தபீல் அடக்கத்தலத்துக்கு வக்ஃபு செய்தார். கலம்தோறும் வக்ஃபு முத்திரை செதுக்கப்பட்டது. வழுவழுப்பான அழகிய பரப்பைக் கீறித் தன் உடைமையுரிமையைத் துறக்கும் செயல் அது. சேர்ப்போரின் கண்ணுக்கு அக்கீறல் ஒரு பழுதாகத் தோன்றும். ஃபிக்ஹு கற்றோரின் கண்ணுக்கோ அக்கலத்தின் மிகச் சிறந்த அணி அதுவே.

மூன்றாமவர் நமக்கு அண்மையர். ஹைதராபாத் நிஜாமின் பிரதமராக 1912 முதல் 1914 வரை பணியாற்றிய மூன்றாம் ஸாலார் ஜங், மீர் யூசுஃப் அலீ கான் (1889–1949). பதவி நீங்கிய பின் வாழ்நாளையும் செல்வத்தையும் கலைப்பொருள் திரட்டுவதிலேயே செலவிட்டார், மணமின்றி மறைந்தார். அவர் திரட்டியவற்றைக் கொண்டு 1951 டிசம்பர் 16-இல் பிரதமர் நேரு திறந்துவைத்ததே ஸாலார் ஜங் அருங்காட்சியகம். 1961-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. 1968 முதல் மூசி ஆற்றின் தென்கரையில் இயங்குகிறது. சீனத்துப் பச்சைக் கலங்கள், ஜப்பானியச் சத்ஸுமா, பிரெஞ்சு செவ்ர், ஆங்கில வெட்ஜ்வுட் எனக் கோப்பைகளும் தட்டுகளும் அங்கே அணிவகுக்கின்றன. அப்பச்சைக் கலங்களில் நஞ்சு கலந்த உணவை இட்டால் கலம் காட்டிக்கொடுத்துவிடும் என்ற நம்பிக்கை அரண்மனைகளில் நிலவியது.

ஒரு தனிமனிதர் சேர்த்தது ஊர்மக்கள் அனைவரின் சொத்தாயிற்று என்ற வகையில் அவ்வருங்காட்சியகம் போற்றத்தக்கது. இருப்பினும் ஒரு குறையைச் சொல்லாதிருக்க இயலவில்லை. அங்கே கலத்தின் நாடும் காலமும் எழுதப்பட்டுள்ளன; அக்கோப்பையில் யார் யாருக்கு என்ன ஊற்றினார் என்பது பார்வையாளனுக்குப் புலப்படுவதில்லை. நஞ்சைக் காட்டும் தட்டு என்றதும் வியக்கிறோம். உடன் உண்பவனை நம்ப முடியாத ஒரு வாழ்வின் அச்சமே அதனை வாங்க வைத்தது என்று நினைப்பதில்லை. பொருளின் அழகு கண்ணாடிக்கு இப்பால் வருகிறது. அப்பொருள் தாங்கிய மனித உறவு அப்பாலேயே நின்றுவிடுகிறது.

இக்குறையை அறிந்து எழுதியவர் ஜப்பானிய அறிஞர் யானகி சோயெத்சு. பெயரறியாக் கைவினைஞர் அன்றாடப் பயனுக்கென வனைந்த எளிய கலங்களே உண்மை அழகுடையவை என்று வாதிட்டு, 1936-இல் தோக்கியோவில் நாட்டுப்புறக் கலைக்கென ஓர் அருங்காட்சியகம் நிறுவியவர். கியோத்தோ நகரத்து மடமொன்றில் காக்கப்படும் 'கிசாயெமோன்' என்னும் தேநீர்க் கிண்ணத்தை 1931-இல் கண்டு அவர் எழுதியவை புகழ்பெற்றவை. ஜப்பானியர் தலைசிறந்ததெனப் போற்றும் அக்கிண்ணம் உண்மையில் கொரிய நாட்டு ஏழை ஒருவன் உண்பதற்கென வனையப்பட்ட மலிவான பாத்திரம் என்றார் அவர். இது ஆழ்ந்த பார்வை, மறுப்பதற்கில்லை. ஆயினும் முடிவில் நிகழ்ந்தது யாது? ஏழையின் உணவுக் கிண்ணம் பட்டில் பொதியப்பட்டுப் பெட்டிக்குள் பெட்டியாக அடைக்கப்பட்டது. ஏழைமை அழகென்று போற்றப்பட்டது. ஏழை மட்டும் அந்த அறையில் இல்லை. பயன்பாட்டின் அழகைப் பாடிய கோட்பாடு, பயன்பாட்டிலிருந்து பிரிந்த கலத்துக்கே மகுடம் சூட்டிற்று. யானகியின் வாதத்தில் வனைந்தவர்க்கு இடமுண்டு. அருந்துபவர்க்குப் போதிய இடமில்லை என்பதே என் கருத்து.

நூல்கள் தரும் அளவுகோல்

நம் சட்ட நூல்கள் கோப்பையைப் பற்றிப் பேசுவதை வெறும் 'கூடும், கூடாது' என்று படித்துக் கடந்துவிடுகிறோம். அவற்றுள் ஓர் அழகியல் ஒளிந்துள்ளது. பொன், வெள்ளிக் கலங்களில் அருந்துவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாகத் தடுத்தார்கள் என்பது புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் பதிவான செய்தி. இமாம் நவவீ (ரஹ்) தம் 'மின்ஹாஜ்' நூலில் மேலும் இரு நுட்பங்களைச் சேர்க்கிறார். ஒன்று: பயன்படுத்தாமல் வெறுமனே வைத்திருந்தாலும் பொன், வெள்ளிக் கலம் கூடாது என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் மிகச் சரியான கருத்து, வைத்திருத்தல் பயன்படுத்தலுக்கு இழுத்துச் செல்லும் என்பது காரணம். மற்றொன்று: மாணிக்கம் போன்ற விலையுயர்ந்த கல்லாலான கலம் கூடும்.

பொன்னைவிட மாணிக்கம் மலிவானதா? அன்று. விரிவுரையாளர் காட்டும் காரணம் வேறு. பொற்கிண்ணத்தைக் கண்ட மாத்திரத்தில் ஏழையின் உள்ளம் முறிகிறது; மாணிக்கக் கிண்ணத்தின் மதிப்போ சிலர்க்கே தெரியுமாதலின் அவ்வுள்ளம் முறிவதில்லை. கலத்தின் விலையை அளக்கும் தராசு அங்காடியில் இல்லை; எதிரே அமர்ந்திருக்கும் எளியவனின் நெஞ்சில் உள்ளது. உலகின் கலைத் திறனாய்வு நூல்கள் எதிலும் இவ்வளவு கூர்மையான அளவுகோலை நான் கண்டதில்லை.

இனி, நபிகளாரின் கோப்பைகளுக்கே வருவோம். அனஸ் (ரலி) அவர்களிடம் இருந்த கிண்ணத்தைத் தாம் கண்டதாக ஆஸிம் அல்அஹ்வல் கூறுவதை இமாம் புகாரீ பதிந்துள்ளார்கள். அகன்ற, நல்ல கிண்ணம். நுழார் என்னும் உயர்ந்த மரத்தாலானது. அது விரிசல் கண்டபோது வெள்ளியால் இணைக்கப்பட்டது. இணைத்தவர் நபிகளாரா, அனஸ் அவர்களா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உடைந்ததை எறியாமல் ஒட்டிக் காப்பாற்றும் பண்பை ஜப்பானியரின் பொன் ஒட்டுக் கலையில் கண்டு வியப்போர், தம் ஹதீஸ் ஏட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். அக்கிண்ணத்தின் இரும்பு வளையத்தை மாற்றிப் பொன்னாலோ வெள்ளியாலோ வளையமிட அனஸ் (ரலி) விரும்பியபோது, நபிகளார் வைத்தவாறே இருக்கட்டும் என்று அபூதல்ஹா (ரலி) தடுத்துவிட்டார்கள். அன்பின் மிகுதியால்கூடப் பழம்பொருளை மினுக்கலாகாது என்னும் பாடம் அதில் உண்டு.

மற்றொரு கிண்ணம் ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்களிடம் இருந்தது. அன்னார் அதனை வெளியே எடுத்து வந்தார்கள். வந்திருந்தோர் அதில் அருந்தினர். பின்னர் உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அதனைக் கேட்டபோது கொடுத்தும்விட்டார்கள். உலகில் இதனினும் அரிய கோப்பை உண்டோ? அதனைக் காத்தவர் அதனை ஒளித்து வைக்கவில்லை, அதில் ஊற்றிக் கொடுத்தார், கேட்டவர்க்கு ஈந்தார். காத்தல், ஊற்றுதல், ஈதல் என்னும் மூன்றும் கூடிய இடத்தில்தான் சேகரிப்பு பண்பாடாகிறது. முதலாவது மட்டும் எஞ்சினால் அது வெறும் பதுக்கல்.

இரட்டைக் குவளையும் காகிதக் குவளையும்

இவ்வளவுகோலை ஏந்தி நெடுஞ்சாலைத் தேநீர்க் கடைக்குத் திரும்புவோம். தமிழ்நாட்டில் கோப்பையின் வரலாற்றை எழுதுகிறவர் இரட்டைக் குவளையைத் தவிர்த்து எழுத முடியாது. ஊராருக்கு ஒரு குவளை, தலித் மக்களுக்கு வேறொரு குவளை. அவர்கள் அருந்தியதை அவர்களே கழுவிக் கவிழ்த்து வைக்கவேண்டும். அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்த பின்னரும், பொது உணவகத்துப் பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது குற்றம் என்று 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகக் கூறிய பின்னரும், பல ஊர்களில் அவ்வழக்கம் நீடித்தது. ஏழையின் உள்ளத்தை முறிக்கப் பொற்கிண்ணம் தேவைப்படவில்லை. நெளிந்த அலுமினியக் குவளையே போதுமாயிற்று.

பின்னர் காகிதக் குவளை வந்தது. எல்லார்க்கும் ஒரே குவளை, அருந்தியதும் எறிந்துவிடலாம். அவமதிப்புக்கு ஆளானவர்க்கு அது ஒருவகை விடுதலை என்பதை மறைக்கக்கூடாது. ஆனால் அதன் மறுபக்கத்தையும் காணவேண்டும். அனைவரும் ஒரே குவளையில் அருந்தப் பழகிவிட்டோமா? இல்லை, ஒருவர் அருந்தியதில் மற்றொருவர் அருந்தவேண்டிய நிலையே வராதபடி குவளையை ஒழித்துவிட்டோம். மனத்திலிருந்த தீட்டைக் கழுவாமல், கழுவவேண்டிய பாத்திரத்தைக் குப்பையில் எறிந்தோம். அக்குப்பையும் வாளா இருப்பதில்லை. பிளாஸ்டிக் பூச்சுடைய காகிதக் குவளைகளையும் உள்ளடக்கி 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடை விதித்தது. கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர் 2020-இல் வெளியிட்ட முடிவின்படி, 100 மில்லிலிட்டர் சூடான நீர் இத்தகைய குவளையில் 15 நிமிடம் இருந்தால் ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலக்கின்றன. நஞ்சைக் காட்டும் தட்டைத் தேடிய அரண்மனைகளிலிருந்து, நஞ்சைத் தானே கலக்கும் குவளைக்கு வந்து சேர்ந்திருக்கிறோம்.

நம் மதரஸாக்களில் முதல் ஆண்டுகளிலேயே கற்பிக்கப்படும் 'குதூரீ'யில், அருந்தி எஞ்சிய நீரைப் பற்றிய பாடம் ஒன்றுண்டு. மனிதன் வாய் வைத்து எஞ்சியது தூய்மையானது என்பது அதன் சட்டம். முஸ்லிம், முஸ்லிமல்லாதவர், உயர்ந்தோர், தாழ்ந்தோர் என்ற பாகுபாடு அங்கே இல்லை. 'மனிதன்' என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருக்கிறது. ஒரே சஹனைச் சூழ்ந்து அமர்ந்து உண்ணும் நம் கடற்கரை ஊர்களின் வழக்கம் அச்சட்டத்தின் நடமாடும் விரிவுரை.

அப்பாடத்தை நடத்திக்கொண்டிருந்த ஒரு நாளில் மாணவர் ஒருவர் எழுந்து, "ஹஜ்ரத், அப்படியானால் வேலைக்கு வருகிறவர்களுக்கு நம் வீடுகளில் ஏன் தனித் தம்ளர்?" என்று கேட்டார். பிற வீடுகளைப் பற்றிய கேள்வியாகவே அதனை எடுத்துக்கொண்டு ஏதோ விடை கூறினேன். ஜூஜுவாடியில் என் வீட்டுக்குத் திரும்பியபோதுதான், பின்கட்டுச் சன்னல் திண்டில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்த எவர்சில்வர் தம்ளர் கண்ணில் பட்டது. வாசல் பெருக்க வரும் அம்மையாருக்குரியது. அதனை அங்கே வை என்று எவரும் எவருக்கும் கட்டளையிட்டதில்லை. என் தாயார் காலத்திலிருந்து அது அங்கே இருந்தது. நான் நாற்பது ஆண்டுகளாகக் கண்டும் காணாமல் இருந்தேன். கூடத்துப் பேழையிலோ, தாயாரின் திருமணச் சீராக வந்த ரோசாப்பூப் பீங்கான் கோப்பைகள் நான்கு, ஆண்டுக்கு இருமுறை பெருநாளன்று துடைக்கப்பட்டு மீண்டும் அடுக்கப்பட்டுக்கொண்டிருந்தன.

மறுநாள் காலை அவற்றுள் ஒன்றில் தேநீர் ஊற்றி அம்மையாரிடம் கொடுக்கச் செய்தேன். அவர் வாங்கத் தயங்கினார். "உடைஞ்சிட்டா என்ன செய்றதுங்க?" என்றார். "உடைந்தால் உடையட்டும் அம்மா" என்று என் மனைவி சொன்னார். குடித்துவிட்டுக் கழுவப் போனவரைத் தடுத்து மனைவியே அதனை வாங்கிக்கொண்டார். ஆயினும் இரண்டு நாள் கழித்து அந்த எவர்சில்வர் தம்ளர் மீண்டும் சன்னல் திண்டில் இருந்தது. இம்முறை அதனை அங்கே வைத்தவர் அந்த அம்மையாரே. பழக்கம் கொடுத்தவரிடம் மட்டுமன்று, பெற்றவரிடமும் வேரோடிப் போகிறது என்பதை அன்று அறிந்தேன். இப்போது அத்தம்ளர் எங்கள் அடுக்களை அலமாரியில் மற்றவற்றோடு கலந்து கிடக்கிறது. எது எவருடையது என்று பிரித்தறிய இயலாதவாறு. நான்கு கோப்பைகளுள் ஒன்றன் விளிம்பு இதற்குள் சிறிது பெயர்ந்துவிட்டது.

அழகிய கோப்பைகளைச் சேர்க்காதீர் என்று சொல்ல இக்கட்டுரை எழுதப்படவில்லை. சுவனத்துக் கிண்ணங்களின் அழகை இறைமறையே 'அல்இன்ஸான்' அத்தியாயத்தில் எடுத்துரைக்கும்போது, அழகை வெறுக்க நாம் யார்? சேருங்கள், அவற்றின் மண்ணையும் நீலத்தையும் வனைந்த கையையும் அறிந்து மகிழுங்கள். ஆனால் பேழையின் கதவைத் திறந்தே வையுங்கள். இலக்கணக்காரர் ஸஆலிபீ சொன்னது மெய். பானம் இல்லாத கலம் கஃஸ் அன்று. ஒரு சிறு சேர்க்கை மட்டும் எளியேன் வேண்டுவது: அப்பானத்தை அருந்துகிறவர் யாரென்று பார்த்துக் கலத்தை மாற்றாத வீட்டில்தான் அது முழுமையான கஃஸ் ஆகிறது. வல்லாஹு அஃலம்.